காரீயம் திரும்பிவரும் வழி: திருச்சியில் பழைய பேட்டரியின் கதை

பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் தந்த தள்ளுவண்டிக்காரரைத் தமிழ்நாட்டுத் தெருக்கள் நன்றாக அறியும். உடைந்த வாளி, ஓட்டைக் குடம், நசுங்கிய அண்டா எல்லாம் பழமாக மாறி வீட்டுக்குள் வந்தன. செத்துப்போன கார் பேட்டரியை மட்டும் யாரும் பேரீச்சம்பழத்துக்குக் கொடுத்துவிடுவதில்லை. அதற்குக் காசுதான். பேரம் படியாவிட்டால் பேட்டரி திண்ணையிலேயே கிடக்கும். அடுத்த காயலாங்கடைக்காரர் வரும்வரை காத்திருக்கும்.

காரணம் எளிது. ஒரு கார் பேட்டரியின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் காரீயம். பதினைந்து கிலோ பேட்டரியைத் தூக்கினால் அதில் ஒன்பது கிலோ உலோகம். அந்த உலோகம் எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாதது. நேற்று லாரியில் இருந்த ஈயம், நாளை இன்வெர்ட்டரில் இருக்கும். உலகில் இன்று பயன்படும் ஈயத்தில் சுமார் 85 சதவீதம் பேட்டரிக்குத்தான் போகிறது. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நூறாண்டுகளாக இந்த ஈயம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பஸ், ரயில், வானொலி, மின்வெட்டு என்று இவ்வூர் கண்ட ஒவ்வொரு மாற்றத்திலும் அதற்கு ஒரு பங்கு உண்டு.

ஈய-அமில பேட்டரியை 1859ல் பிரான்சில் கஸ்தோன் பிளான்தே உருவாக்கினார். 1881ல் கமீல் ஃபோர் என்பவர் ஈயத் தகட்டின் மேல் ஈய ஆக்சைடு பசையைப் பூசி, அதைத் தொழிற்சாலையில் செய்யத்தக்க பொருளாக்கினார். ஆனால் காருக்கு அது கட்டாயத் தேவையானது 1912ல்தான். கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பும் வேலையைத் தவிர்க்க, அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் அந்த ஆண்டு மின்சார ஸ்டார்ட்டருடன் காரை விற்றது. அதே 1912ல், டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். திருச்சிக்குப் பக்கத்து ஊர்கள் இரண்டும். அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரை இன்றும் திருச்சியில் ஒரு பேட்டை தாங்கி நிற்கிறது: டி.வி.எஸ். டோல்கேட்.

காருக்கு வரும் முன்பே ரயிலுக்குப் பேட்டரி பழக்கமாகியிருந்தது. தென்னிந்திய ரயில்வே நிறுவனத்தின் தலைமையகம் திருச்சியில் இருந்தது. அதன் பெரிய பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து, 1928ல் பொன்மலையில் இயங்கத் தொடங்கியது. நீராவி எஞ்சின் இழுக்கும் வண்டியில் விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? பெட்டியின் அச்சோடு பெல்ட் போட்டு ஒரு டைனமோவைச் சுழலவிட்டார்கள். வண்டி ஓடும்போது டைனமோ பேட்டரியை நிரப்பும். வண்டி நிற்கும்போது பேட்டரி விளக்கை எரிக்கும். ஒவ்வொரு பயணிகள் பெட்டிக்கும் அடியில் கனத்த செல்கள் வரிசையாக நின்றன. அவற்றைக் கவனிக்க 'டிரெயின் லைட்டிங்' என்று தனிப் பிரிவே உண்டு. செல்லுக்குச் செல் மூடியைத் திறந்து, ஹைட்ரோமீட்டரை விட்டு அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்து, குறைந்த இடத்தில் வாலை வடிநீர் ஊற்றும் வேலை அது. பேட்டரியை ஒரு உயிருள்ள பொருளைப் போலப் பார்த்து வளர்க்கும் பழக்கம் இந்த ரயில்வேக்காரர்களிடம் வேரூன்றியது.

அதே நிறுவனம் 1931 மே 11 அன்று சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயிலை ஓட்டியது. அதற்காக வந்த மின் எஞ்சின்களில் சிலவற்றுக்குப் பின்னால் பேட்டரி நிரம்பிய தனி வண்டி ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. மேலே மின்கம்பி இல்லாத பக்கத் தடங்களுக்குள் நுழைந்தால் அந்தப் பேட்டரியின் பலத்தில் எஞ்சின் நகரும். மின்சார வாகனம் என்று இன்று வியந்து பேசுகிறோம். திருச்சியைத் தலைமையகமாகக் கொண்ட ஒரு நிறுவனம் 90 ஆண்டுகளுக்கு முன்பே ஈய பேட்டரியில் ரயில் எஞ்சினை நகர்த்தியது நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

பேட்டரியைப் பட்டறையிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தது வானொலி. அகில இந்திய வானொலியின் திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. மேட்டூரில் 1937லேயே நீர்மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியிருந்தாலும், மின்கம்பி எட்டாத கிராமங்களே அதிகம். வால்வு ரேடியோவுக்கோ மின்சாரம் இல்லாமல் முடியாது. ஆகவே ரேடியோ வைத்திருந்த வீட்டில் கார் பேட்டரியும் இருந்தது. இறங்கிய பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய், சார்ஜ் போடும் கடையில் விட்டு, மறுநாள் எடுத்துவருவார்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போன மைக் செட்டுகளும் கட்சிக் கூட்டத்து ஒலிபெருக்கிகளும் இதே பேட்டரியில்தான் முழங்கின. சார்ஜ் கடைக்காரர் காலப்போக்கில் பேட்டரி பழுது பார்ப்பவரானார். பழுது பார்ப்பவர் பழைய பேட்டரி வாங்குபவரானார்.

புதியது எளிதில் கிடைக்காததும் இந்தத் தொழில் வளர்ந்ததற்குக் காரணம். இரண்டாம் உலகப் போர் வரை நல்ல கார் பேட்டரி என்றால் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. போர்க்காலத்தில் கப்பல் குறைந்தது, பெட்ரோலும் குறைந்தது. கரிவாயுவில் பஸ் ஓடியது. தேய்ந்த டயருக்கு ரப்பர் ஒட்டி மறுபடி ஓட்டினார்கள். பேட்டரிக்கும் அதே விதி. எக்சைட் பேட்டரியின் முதல் இந்தியத் தொழிற்சாலை வங்காளத்தின் ஷ்யாம்நகரில் 1946ல்தான் எழுந்தது. அதற்குப் பிறகும், லைசென்ஸ் காலத்தில், புது பேட்டரியின் விலை ஒரு டாக்ஸிக்காரரைத் தூங்கவிடாத விலை. அதனால் பிளேட் மாற்றும் பட்டறைகள் பிழைத்தன, நன்றாகவே பிழைத்தன.

அந்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். இன்று அது ஏறக்குறைய மறைந்துவிட்ட கைத்திறன்.

அன்றைய பேட்டரிப் பெட்டி எபோனைட் என்ற கெட்டி ரப்பரால் ஆனது. மேல்மூடியைச் சுற்றித் தார் ஊற்றி அடைத்திருப்பார்கள். செல்லையும் செல்லையும் இணைக்கும் ஈயக் கட்டைகள் வெளியே தெரியும். பெட்டியைத் திறக்க வேண்டுமானால் முதலில் அமிலத்தைக் கொட்டி, புளோ லாம்ப் தீயில் தாரை இளக்கிச் சுரண்டி, இணைப்புக் கட்டைகளைத் துளையிட்டுக் கழற்ற வேண்டும். பிறகு ஒரு செல்லின் பிளேட்டுகளை மொத்தமாக மேலே இழுப்பார்கள். பழுப்பு நிறத்தில் இருப்பது பாசிடிவ், சாம்பல் நிறத்தில் இருப்பது நெகட்டிவ். பாசிடிவ் பிளேட்தான் முதலில் உதிரும். உதிர்ந்த சேறு பெட்டியின் அடியில் தேங்கி ஷார்ட் ஆக்கும். ஒரு செல்லில் நெகட்டிவ் பிளேட் பொதுவாக ஒன்று கூடுதலாக இருக்கும் என்பதால் எண்ணிக்கை ஒற்றைப்படையில் வரும்: பதினொரு பிளேட், பதின்மூன்று பிளேட், பதினைந்து பிளேட். பேட்டரி எத்தனை பிளேட் என்பதே அதன் சாதியும் விலையும்.

நல்ல பிளேட்டைக் கழுவி வைத்து, கெட்டதை மாற்றி, இடையில் புது செபரேட்டர் செருகுவார்கள். ஆரம்பத்தில் மெல்லிய மரச்சீவல், பிறகு ரப்பர், அதன்பின் பி.வி.சி. ஈயக் கம்பியை உருக்கி இணைப்புகளை மறுபடி ஒட்டும் வேலைதான் கைத்திறனின் உச்சம். ஈயம் 327 டிகிரியில் உருகும். தீ கொஞ்சம் கூடினால் பக்கத்துப் பிளேட்டும் கரைந்து வழியும். குறைந்தால் இணைப்பு பிடிக்காது. ஓடும் வண்டியின் அதிர்ச்சியில் விட்டுவிடும். கடைசியாகத் தார் ஊற்றி மூடி, புது அமிலம் நிரப்பி, மெதுவாக நெடுநேரம் சார்ஜ் போட வேண்டும். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு இதுதான் முதல் பாடம். வெப்ப நாட்டில் அமிலம் சற்று நீர்த்திருக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். திருச்சி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். குளிர்நாட்டில் வைக்கும் அடர்த்தியை இங்கே வைத்தால் பிளேட் சீக்கிரம் அரித்துப்போகும். வெயில்தான் பேட்டரியின் முதல் எதிரி.

இந்தப் பட்டறைக்காரர்களின் உடையைப் பார்த்தே தொழிலைச் சொல்லிவிடலாம். அமிலம் பட்ட பருத்தித் துணி ஒரு சலவைக்குப் பிறகு பொத்துப்போகும். அது வெளியே தெரிந்த சேதம். உள்ளே போன ஈயத்தூளை யாரும் அளந்து பார்த்ததில்லை. கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. ஈயம் தோய்ந்த விரலால் வெற்றிலை மடித்துப் போட்டார்கள். அவர்களுடைய திறமையைப் போற்றும்போது இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1980களின் இறுதியிலிருந்து பெட்டி மாறியது. எபோனைட் போய் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வந்தது. மூடியை வெப்பத்தால் ஒட்டிவிட்டார்கள். இணைப்புகள் சுவரைத் துளைத்து உள்ளேயே ஓடின. தார் இல்லை, திறக்க வழியும் இல்லை. 2000ல் அமரான் சந்தைக்கு வந்தபோது, தண்ணீரே ஊற்ற வேண்டாம் என்பது விளம்பரத்தின் முதல் வரியாகிவிட்டது. பிளேட் மாற்றும் பட்டறைக்கு அதோடு வேலை முடிந்தது. பேட்டரி செத்தால் பழுது பார்ப்பது போய், பழையதை எடைக்குப் போட்டுப் புதியது வாங்குவது வழக்கமானது. கடைக்காரர் 'எக்ஸ்சேஞ்ச்' என்று ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்.

பழையதை உயிர்ப்பிக்கும் முயற்சி முற்றிலும் நின்றுவிடவில்லை. நெடுநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரியின் பிளேட்டில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பூப்பு மேலோட்டமாக இருந்தால், குறைந்த மின்னோட்டத்தில் பொறுமையாகச் சார்ஜ் ஏற்றி ஓரளவு கரைத்துவிடலாம். அப்படி மீட்ட பேட்டரியைச் சில மாத உத்தரவாதத்தோடு பாதி விலைக்கும் குறைவாக விற்பவர்கள் உண்டு. வாங்குபவர் தெரிந்து வாங்கினால் அதில் தவறில்லை. பிளேட் உதிர்ந்த பேட்டரியை எந்த உப்பும் எந்த மருந்தும் மீட்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய பேட்டரி வணிகம் கார்ப் பட்டறையைத் தாண்டி வீட்டு வாசலுக்கு வந்தது மின்வெட்டுக் காலத்தில். 2008க்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்பற்றாக்குறை கடுமையானது. 2012ல் சென்னைக்கு வெளியே பாதி நாளே மின்சாரம் என்ற நிலை. திருச்சி கடைவீதியிலும் சரி, ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் சரி, இன்வெர்ட்டர் ஆடம்பரமாக இருந்தது போய் அவசியமானது. இன்வெர்ட்டர் பேட்டரி கார் பேட்டரியைவிடப் பல மடங்கு கனம். நாளுக்குப் பலமுறை இறங்கி ஏறிய அவை மூன்று நான்கு ஆண்டுகளில் ஓய்ந்தன. வீட்டுக்கு ஒரு ஈயச் சுரங்கம் என்று சொல்லத்தக்க அளவு உலோகம் மாடிப்படிக்கு அடியில் சேர்ந்தது. அதைத் தேடி வாங்குபவர்கள் இருசக்கர வண்டியில் தெருத்தெருவாக வந்தார்கள்.

வாங்கியது எங்கே போகிறது? இதுதான் இந்தக் கதையின் முக்கியமான கேள்வி.

சட்டப்படி ஒரே வழிதான். 2001 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த பேட்டரி விதிகள், புதியது விற்பவரே பழையதைத் திரும்பப் பெற வேண்டும் என்றன. முதல் ஆண்டில் விற்றதில் 50 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 65, மூன்றாம் ஆண்டிலிருந்து 90. திரும்பப் பெற்றதைப் பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைக்கே தர வேண்டும். ரயில்வே போன்ற பெரிய பயனாளர்கள் ஏலம் விட்டாலும் பதிவுபெற்றவருக்கே விட வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் உற்பத்தியாளரின் பொறுப்பை இன்னும் இறுக்கின. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் இத்தகைய ஈய ஆலைகள் உண்டு. முறையான ஆலையில் பேட்டரியை மூடிய இயந்திரம் உடைக்கும். தண்ணீரில் பிளாஸ்டிக் மிதக்கும், ஈயம் மூழ்கும். அமிலம் சுண்ணாம்பால் சமன்படுத்தப்படும். உலைப் புகை துணிப்பை வடிகட்டி வழியாகப் போகும். வெளியே வரும் பாளம் புது ஈயத்துக்கு நிகரானது.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் ஒரு குழி, கொஞ்சம் கரி, ஒரு ஊதுகாற்று மோட்டார், இரவு நேரம். அமிலம் மண்ணில் கொட்டப்படும். அதில் கரைந்த ஈயமும் சேர்ந்தே போகும். பிளேட் திறந்த தீயில் உருகும். பாதி ஈயம் பாளமாகும், மிச்சம் கசடாகவும் புகையாகவும் சுற்றுவட்டாரத்தில் இறங்கும். வடிகட்டிக்கோ வரிக்கோ ஒரு பைசா செலவில்லாததால் இவர்கள் பழைய பேட்டரிக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகத் தர முடிகிறது. லண்டன் உலோகச் சந்தையில் ஈயம் விலை ஏறும்போதெல்லாம் இந்தக் குழிகளுக்கும் மவுசு ஏறும். அந்தக் கூடுதல் சில ரூபாய்தான் சட்டத்தை இருபது ஆண்டுகளாகத் தோற்கடித்துவருகிறது.

தோல்வியின் விலை சிறியதல்ல. செனகல் நாட்டின் டக்கார் நகரை ஒட்டிய தியாரோயே என்ற குடியிருப்பில், பழைய பேட்டரி பிரித்த மண்ணைச் சலித்து ஈயம் பொறுக்கினார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கே 18 குழந்தைகள் இறந்தனர். ஈய விஷம்தான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. 2020ல் யுனிசெஃப் நிறுவனமும் பியூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கவலைப்படத்தக்க அளவில் இருக்கிறது என்றது. இந்தியாவில் மட்டும் 27.5 கோடி குழந்தைகள். முறையற்ற பேட்டரி உருக்கலை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அந்த அறிக்கை சொன்னது. ஈயம் கலந்த பெட்ரோலை 2000ல் இந்தியா முழுக்க நிறுத்தினோம். காற்றில் வந்த ஈயத்தைத் தடுத்த நாடு, மண்ணில் இறங்கும் ஈயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. குழந்தையின் மூளை வளர்ச்சியை அது குறைக்கும். பாடத்தில் பின்தங்கும் பிள்ளையை மந்தம் என்று திட்டுவோமே தவிர, ரத்தத்தைப் பரிசோதிக்க யாருக்கும் தோன்றாது. இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்து அடுக்களையில் ரசம் கொதிக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பேட்டரிக்குள் இருப்பது காரீயம். அது வேறு உலோகம், நஞ்சு. வெள்ளீயத்தில் மலிவுக்காகக் காரீயத்தைக் கலந்துவிட்டால் சொம்பும் நஞ்சாகும். நம்பகமான கடையில் சொம்பு வாங்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

திருச்சி, ஸ்ரீரங்கம் ஆகிய இரண்டுக்கும் இதில் கூடுதல் அக்கறை வேண்டும். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள தீவு. கம்பரசம்பேட்டை உட்பட ஆற்றுப்படுகையில் இறக்கிய கிணறுகளிலிருந்தே மாநகருக்குக் குடிநீர் ஏறுகிறது. மணலும் வண்டலும் நிறைந்த இந்த நிலத்தில் எதைக் கொட்டினாலும் அது நம் வாசலுக்குத் திரும்பும். ஈயம் தண்ணீரோடு வெகுதூரம் ஓடாது, உண்மைதான். கொட்டிய இடத்து மண்ணைப் பிடித்துக்கொண்டு தலைமுறைகளாக அங்கேயே கிடக்கும். அந்த மண்ணில்தான் குழந்தை தவழும், கோழி மேயும், கீரை முளைக்கும்.

பேட்டரி குறையப்போவதும் இல்லை. 156 ஏக்கர் பரப்பும் ஏழு பிரகாரங்களும் கொண்ட ரங்கநாதர் கோயிலில் நடக்க முடியாத முதியவர்களைப் பேட்டரி கார் சுமக்கிறது. ரயில் நிலையத்திலும் அதே ஏற்பாடு. லாரி, பஸ், ஆட்டோ, ஆஸ்பத்திரி, செல்போன் கோபுரம், கல்லூரி என ஒவ்வொன்றிலும் ஈய பேட்டரி இருக்கிறது. லித்தியம் வந்துவிட்டதே என்பவர்கள் தங்கள் காரின் முன்மூடியைத் திறந்து பார்க்கலாம். எஞ்சினைக் கிளப்புவது பெரும்பாலும் இன்னும் ஈயம்தான்.

நூறாண்டுகளாக ஒரு பேட்டரியைக்கூட குப்பையில் போடாத வழக்கம் இந்த ஊர்களுக்கு உண்டு. மேலைநாடுகள் சட்டம் போட்டுக் கற்றுக்கொண்டதை நம் ஊர் பேரம் பேசியே கற்றுக்கொண்டது. அந்த நல்ல வழக்கத்தைக் கைவிடத் தேவையில்லை. கடைசி மைல் மட்டும் மாற வேண்டும். காயலாங்கடைக்காரரை விரட்டுவதும் தீர்வாகாது. தெருத்தெருவாக நடந்து சேகரிப்பவர் அவர்தான். அவர் சேர்த்ததைப் பதிவுபெற்ற ஆலை நேரடியாக, குழிக்காரர் தரும் விலைக்கே வாங்கும் ஏற்பாடு வந்தால் போதும். புதிய விதிகளின்படி உற்பத்தியாளர் ஏற்க வேண்டிய செலவில் அந்த வித்தியாசமும் அடங்க வேண்டும்.

வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். பேட்டரி மாற்றும்போது பழையதைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள்; எக்ஸ்சேஞ்ச் தொகையைப் பில்லில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எடை குறையட்டும் என்று யாராவது சொன்னாலும் அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பழைய பேட்டரியைக் குழந்தைகள் புழங்கும் இடத்தில் வைக்காதீர்கள். பேட்டரிக் கடையிலோ பட்டறையிலோ வேலை செய்பவர் வீட்டில் இருந்தால், வேலை உடையைத் தனியாகத் துவைத்து, கைகால் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்கச் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும் பரிசோதனையை அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்ய வேண்டும் என்று மாநகராட்சியிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் கேட்போம்.